குடியிருப்புப் பகுதியின் சிறு பூங்கா: தரையிலிருந்து தொடங்கும் பராமரிப்பு

குடியிருப்புகளுக்கு நடுவே இருக்கும் ஒரு சிறு பூங்காவின் பொறுப்பு ஒரு குழுவின் கைக்கு வந்ததும், பெரும்பாலும் முதல் கூட்டத்திலேயே புதிய ஊஞ்சலும் சறுக்குமரமும் வாங்கும் பேச்சு எழுந்துவிடும். அந்தப் பேச்சைச் சில மாதங்களுக்குத் தள்ளிப்போடுவது நல்லது. சிறுவர் திடல்களில் ஏற்படும் காயங்களில் பெரும்பாலானவை கீழே விழுவதால் ஏற்படுபவை. அந்தக் காயம் எவ்வளவு கடுமையானது என்பதை, குழந்தை எந்த உயரத்திலிருந்து விழுந்தது என்பதும் எதன் மேல் விழுந்தது என்பதும்தான் தீர்மானிக்கின்றன. பந்தாடும் மைதானத்திலும் நிலைமை இதுதான். கணுக்கால் சுளுக்குவதும், பந்து எதிர்பாராத பக்கம் எகிறுவதும், மழை நின்று மூன்று நாளாகியும் ஆட முடியாமல் இருப்பதும் தரை செய்யும் வேலை. ஆகவே இந்த வழிகாட்டி தரையில் தொடங்குகிறது. கருவிகள் அதன் பின்னரே வருகின்றன. குழப்பம் வராமலிருக்க, ஊஞ்சலும் சறுக்குமரமும் உள்ள பகுதியைத் திடல் என்றும், பந்தாடும் இடத்தை மைதானம் என்றும் இங்கே குறிப்பிடுகிறேன்.

அளந்து வரைதல்

முப்பது மீட்டர் அளவு நாடா, கட்டம் போட்ட தாள், பென்சில், ஒரு துணையாள் ஆகிய நான்கும் இருந்தால் முதல் வேலையைத் தொடங்கிவிடலாம். பூங்காவின் எல்லைகள், வாயில்கள், மரங்கள், விளக்குக் கம்பங்கள், குடிநீர்க் குழாய், ஒவ்வொரு கருவியின் இடம் ஆகியவற்றை அளவோடு வரைந்துகொள்ள வேண்டும். பிறகு அதே தாளோடு காலையிலும் பிற்பகலிலும் மாலையிலும் ஒருமுறை போய், நிழல் எங்கே விழுகிறது, யார் எங்கே உட்காருகிறார்கள், மைதானத்திலிருந்து பந்து எந்தப் பக்கம் அதிகமாக வெளியேறுகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாள் போவது எல்லாவற்றையும்விடப் பயனுள்ளது. நீர் தேங்கிய இடங்களை வண்ணப் பென்சிலால் தீட்டிவிட்டால், ஓராண்டுக்கான வேலைப் பட்டியலில் பாதி அப்போதே தயாராகிவிடும்.

புல்லை மிதித்து மக்கள் தாமாக உண்டாக்கிக்கொண்ட ஒற்றையடிப் பாதைகளையும் தவறாமல் வரைய வேண்டும். அவற்றை வேலி போட்டுத் தடுக்கும் முயற்சி அநேகமாகத் தோற்றுப்போகும். அந்த வழியிலேயே பாதை போட்டுவிடுவதுதான் புத்திசாலித்தனம். அந்தப் பாதை ஒன்றரை மீட்டர் அகலமும், ஏற்றமுள்ள இடங்களில் பன்னிரண்டு பங்கு நீளத்துக்கு ஒரு பங்கு உயரத்துக்கு மேற்படாத சரிவும் கொண்டிருந்தால், சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் அதில் தடையின்றிச் செல்லும்.

பந்துக்கும் குழந்தைக்கும் இடையே

திடலும் மைதானமும் ஒரே வேலிக்குள் இருக்கும் பூங்காவில் தீர்க்க வேண்டிய முதல் சிக்கல் இந்த எல்லைதான். மூன்று வயதுக் குழந்தை ஓடும் பந்தைத் துரத்திக்கொண்டு மைதானத்துக்குள் புகும். பதினாறு வயது இளைஞர் வானத்தைப் பார்த்துக்கொண்டு பின்னோக்கி ஓடி வருவார். இருவருமே மற்றவரைப் பார்ப்பதில்லை. அறிவிப்புப் பலகை இதைத் தடுக்காது. இட அமைப்பு தடுக்கும்.

கால்பந்து மைதானத்தில் கோல் கம்பங்களுக்குப் பின்புறம்தான் பந்து வேகமாக வெளியேறும் பக்கம். அங்கே திடல் இருக்கக் கூடாது; பக்கக் கோட்டின் நடுப்பகுதியை ஒட்டி இருப்பது ஓரளவு பாதுகாப்பானது. பேஸ்பால், சாஃப்ட்பால் மைதானங்களில் மட்டையாளருக்குப் பின்புறமும் இரு பக்கக் கோடுகளுக்கு வெளிப்புறமும் பந்து சிதறும் பகுதிகள் என்பதால், அங்கே உயரமான வலைத் தடுப்பு இல்லாமல் இருக்கையைக்கூட வைக்கக் கூடாது. கிரிக்கெட்டில் பந்து எல்லாத் திசையிலும் போகும். சிறு பூங்காவில் கனமான தோல் பந்தை அனுமதிக்காமல் மென்பந்தோடு நிறுத்திக்கொள்வதே நேர்மையான முடிவு என்பது என் கருத்து. திடலின் வாயில் மைதானத்தை நோக்கித் திறக்காமல் பாதையை நோக்கித் திறக்க வேண்டும். கதவு தானாகச் சாத்திக்கொள்ளும்படி இருப்பது நல்லது.

மைதானத்தைப் புதிதாக அமைப்பதாக இருந்தால், நீளவாக்கு வடக்கு தெற்காக இருக்கட்டும். ஆட்டம் பெரும்பாலும் நடப்பது காலையிலும் மாலையிலும்தான். கிழக்கு மேற்காக அமைத்தால் ஏதாவது ஓர் அணியின் கண்ணில் தாழ்ந்த வெயில் நேராக விழும். என்ன ஆட்டத்துக்கு இடம் போதும் என்பதையும் ஆசையை வைத்து முடிவுசெய்யாமல் நாடாவை வைத்துப் பார்க்க வேண்டும். முழு அளவுக் கால்பந்துக்குக் குறைந்தது 90 மீட்டர் நீளமும் 45 மீட்டர் அகலமும் தேவை. இது பெரும்பாலான சிறு பூங்காக்களில் கிடைக்காது. அணிக்கு ஐவர் ஆடும் கால்பந்து வகையான ஃபுட்சாலுக்கு 25 மீட்டர் நீளமும் 16 மீட்டர் அகலமும் இருந்தாலே தொடங்கலாம். கைப்பந்துக் களம் 18 மீட்டருக்கு 9 மீட்டர்தான். ஆனால் சுற்றிலும் மூன்று மீட்டர் வெற்றிடம் வேண்டும் என்பதை மறந்துவிட்டு, கோட்டை ஒட்டியே கம்பி வேலி போட்டுவிடுகிறார்கள். கிரிக்கெட்டில் இரு விக்கெட்டுகளுக்கு இடைத்தூரம் 20.12 மீட்டர், அதற்கான இடம் கிடைத்துவிடும், பந்து போக வேண்டிய இடம்தான் கிடைக்காது.

திடலின் தரை

புல்தரை மென்மையாகத் தோன்றுவதால் அதன் மேலேயே ஊஞ்சலை நட்டுவிடுகிறார்கள். சில வாரங்களிலேயே ஊஞ்சலுக்குக் கீழே புல் தேய்ந்து, மண் இறுகி, கான்கிரீட்டுக்குச் சற்றே குறைந்த கடினத்தை அடைந்துவிடும். புல்லும் வெறும் மண்ணும் விழுதலைத் தாங்கும் தரைகளாகப் பாதுகாப்பு வழிகாட்டிகளில் ஏற்கப்படாதது இதனால்தான். தலை தரையில் மோதும்போது ஏற்படும் அதிர்வை அளக்க ‘தலைக்காயக் குறியீடு’ என்றோர் அளவு இருக்கிறது. அது 1000ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்தான காயம் ஏற்படலாம் என்பதே அமெரிக்க, ஐரோப்பியத் தரநிலைகள் இரண்டும் ஏற்றுக்கொண்ட எல்லை.

தளர்வாகக் கொட்டப்படும் பொருள்களில் எது எந்த உயரத்தைத் தாங்கும் என்பது பொருளுக்குப் பொருள் மிகவும் மாறுபடும். அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் கையேட்டின்படி, 23 சென்டிமீட்டர் ஆழ மணல் ஏறக்குறைய 1.2 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதை மட்டுமே தாங்கும்; அதே ஆழத்தில் மரச்சீவல் 3 மீட்டர் வரை தாங்கும்; துண்டாக்கப்பட்ட ரப்பர் 15 சென்டிமீட்டரிலேயே அந்த 3 மீட்டரை எட்டிவிடும். ஊஞ்சலுக்கு விழும் உயரத்தைக் கணக்கிடும்போது இருக்கையின் உயரத்தை எடுத்துக்கொள்ளக் கூடாது. சங்கிலி தொங்கும் மேற்கம்பியின் உயரத்தைத்தான் எடுக்க வேண்டும், ஏனெனில் வீசி ஆடும் குழந்தை அந்த உயரத்தை நெருங்கிவிடும். ஆகவே 2.4 மீட்டர் உயர ஊஞ்சலுக்குக் கீழே எவ்வளவு அழகாக மணல் பரப்பியிருந்தாலும் அது போதாது. மணலைக் குழந்தைகள் தோண்டி விளையாடும் குழிக்கும் தாழ்வான கருவிகளுக்கும் வைத்துக்கொண்டு, ஊஞ்சலுக்கும் உயரமான ஏணிகளுக்கும் மரச்சீவலைப் பயன்படுத்தலாம். ஆனால் மணலிலும் தளர்வான சீவலிலும் சக்கர நாற்காலி நகராது. திடலின் ஒரு பகுதியிலாவது ஒரே பாளமாக வார்க்கப்பட்ட ரப்பர் தளம் இருப்பது அவசியம்.

தளர்வான பொருள் நாளடைவில் குறைந்தது கால் பங்கு அமுங்கும். 23 சென்டிமீட்டர் நிலைத்திருக்க வேண்டுமானால் 30 சென்டிமீட்டர் பரப்ப வேண்டும். வாங்கும் முன் கணக்கு எளிது: எட்டு மீட்டருக்கு ஆறு மீட்டர் இடத்தில் 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு 14.4 கன மீட்டர் தேவைப்படும். தேவையான மட்டத்தை ஒவ்வொரு கருவியின் தூணிலும் பெயின்டால் ஒரு கோடாக வரைந்துவிட வேண்டும். அதன் பிறகு ஆழம் குறைந்திருக்கிறதா என்று வாதிட வேண்டியதில்லை, கோடு தெரிந்தால் குறைந்திருக்கிறது என்று பொருள். ஊஞ்சலுக்குக் கீழேயும் சறுக்குமரத்தின் வாயிலும் குழந்தைகளின் கால்கள் வாரத்துக்கொரு குழியைப் பறித்துவிடும். அங்கே மட்டும் வாரந்தோறும் வாரியால் இழுத்து நிரப்புவது முழுத் திடலுக்கும் ஆண்டுக்கொருமுறை புதுப்பொருள் கொட்டுவதைவிட அதிகப் பாதுகாப்பைத் தரும்.

பொருளைக் கொட்டுமுன் அடியில் நீர் வடிய வழி செய்தாக வேண்டும். குழியின் அடித்தளத்துக்கு ஒரு பக்கமாகச் சிறு சரிவு கொடுத்து, சரளைக்கல் பரப்பி, அதன் மேல் நீரை விட்டு மண்ணைத் தடுக்கும் துணியை விரித்த பிறகே மரச்சீவல் போட வேண்டும். இந்த அடுக்கு இல்லாவிட்டால் சீவல் ஊறி மக்கிவிடும். குளிர்ப் பிரதேசங்களில் ஈரம் உறைந்து தரை பாறைபோல் ஆகிவிடும். மணலாக இருந்தால் தூசும் களிமண்ணும் கலக்காத, கழுவிய, உருண்ட மணிகள் கொண்ட மணலைக் கேட்டு வாங்க வேண்டும். பொடி கலந்த மணல் இறுகிப்போகும். மணல்குழியை இரவில் மூடிவைப்பது பூனைகளிடமிருந்தும், அவற்றின் கழிவு வழியே பரவும் நோய்களிடமிருந்தும் காக்கும்.

ஒவ்வொரு கருவியைச் சுற்றியும் எல்லாப் பக்கமும் குறைந்தது 1.8 மீட்டருக்கு இந்தத் தரை நீள வேண்டும். ஊஞ்சலுக்கு மட்டும் கணக்கு வேறு: மேற்கம்பியின் உயரத்தைப் போல இரு மடங்கு முன்னும், இரு மடங்கு பின்னும். மேலே சொன்ன 2.4 மீட்டர் ஊஞ்சலுக்கு முன்பின் சேர்த்து 9.6 மீட்டர் என்று தாளில் வரைந்து காட்டும்போது குழுவில் ஒருவராவது அளவு தவறு என்று சொல்வார். அளவு தவறில்லை, நாம் ஊஞ்சல்களை மிக நெருக்கமாக வைத்துப் பழகிவிட்டோம்.

கருவிகளைச் சோதித்தல்

திடல் கருவிகளுக்கான ஐரோப்பியத் தரநிலையான இஎன் 1176, சோதனையை மூன்று நிலைகளாகப் பிரிக்கிறது: கண்ணால் பார்த்துச் செய்யும் அன்றாடச் சோதனை, ஒன்று முதல் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை செய்யும் இயக்கச் சோதனை, ஆண்டுக்கொருமுறை அனுபவமுள்ளவர் செய்யும் முழுச் சோதனை. முதல் இரண்டையும் குழுவினரே செய்யலாம். மூன்றாவதற்கு வெளியாள் வருவதுதான் முறை, தினமும் பார்க்கும் கண்ணுக்குச் சில குறைகள் தெரியாமலே போய்விடும்.

குழந்தையின் தலை சிக்கிக்கொள்ளும் இடைவெளிகளைத் தேடுவது முதல் வேலை. 89 மில்லிமீட்டருக்குக் குறைவான இடைவெளியில் உடல் நுழையாது. 230 மில்லிமீட்டருக்கு மேற்பட்டதில் தலையும் வெளியே வந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் இருப்பதே ஆபத்து, ஏனெனில் கால் முதலில் நுழைந்து, உடலும் நழுவி, தலை மட்டும் மேலே மாட்டிக்கொள்ளும். 89க்கு 157 மில்லிமீட்டர் அளவில் ஒரு மரக்கட்டையும், 230 மில்லிமீட்டர் விட்டத்தில் ஒரு வட்டப் பலகையும் தச்சரிடம் செய்து வாங்கிக்கொண்டால் போதும். கட்டை நுழைந்து வட்டம் நுழையாத இடைவெளி எங்கே இருந்தாலும் அதை அடைக்க வேண்டும் அல்லது அகலமாக்க வேண்டும். ஏணிப் படிகளுக்கு நடுவிலும், கைப்பிடி வேலியின் கம்பிகளுக்கு இடையிலும் இது அதிகம் தென்படும்.

அடுத்து, ஆடைக் கயிறு மாட்டக்கூடிய இடங்கள். எஸ் வடிவக் கொக்கியின் வாய் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் திறந்திருந்தால் இடுக்கியால் நெருக்கி மூட வேண்டும். நட்டுக்கு வெளியே போல்ட்டின் மரை இரண்டு சுற்றுகளுக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால் அறுத்து, ராவி, மூடி போட வேண்டும். யாராவது கட்டிவிட்டுப் போன கயிறோ, நாய்ச் சங்கிலியோ, தாவும் கயிறோ கண்ணில் பட்டால் அன்றே அவிழ்த்துவிட வேண்டும்; கழுத்து இறுகி உயிர் போன விபத்துகளில் இவற்றுக்குப் பங்குண்டு. மிதிவண்டித் தலைக்கவசத்தோடு கருவியில் ஏறக் கூடாது என்பதற்கும் இதே காரணம்தான்: உடல் நுழையும் துளையில் கவசம் நுழையாமல் குழந்தை தொங்கிவிடக்கூடும்.

இரும்புத் தூண் துருப்பிடித்து ஒடிவது கண்ணுக்குத் தெரியும் இடத்தில் அன்று, தரைக்குள் நுழையும் இடத்தில். மரச்சீவலை ஒரு சாண் ஆழத்துக்கு விலக்கி, திருப்புளியின் முனையால் அழுத்திச் சுரண்டிப் பார்க்க வேண்டும். மரத் தூணாக இருந்தால் திருப்புளி எளிதாக இறங்கும் இடம் உளுத்த இடம். பழைய மரக் கருவிகளில் ஆர்செனிக் கலந்த மரப்பாதுகாப்பு மருந்து ஏற்றப்பட்டிருக்க வாய்ப்புண்டு. அத்தகைய மரத்தைச் சீவலாக்கித் தரையில் கொட்டவே கூடாது. சறுக்குமரத்தின் சூட்டை நண்பகல் கடந்த வேளையில் உள்ளங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். நம்மால் ஐந்து நொடி வைத்திருக்க முடியாவிட்டால் குழந்தையின் தோல் அதைத் தாங்காது. உலோகம் மட்டும் சுடும் என்று எண்ண வேண்டாம், கருநிற ரப்பர் தளமும் பிளாஸ்டிக் இருக்கையும் நன்றாகவே சுடும். மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு பெரியவர் சறுக்குவதையும் தடுக்க வேண்டும். குழந்தையின் கால் பக்கச் சுவரில் உராய்ந்து மடங்கும்போது, பெரியவரின் எடையும் சேர்ந்து எலும்பை முறித்துவிடுகிறது.

இவ்வளவும் முடிந்த பிறகு புதிய கருவியைப் பற்றிப் பேசலாம். அப்போதும் குறைவாக வாங்குவதே என் பரிந்துரை. கட்டடக் கலைஞர் ஆல்டோ வான் ஐக் 1947 முதல் ஆம்ஸ்டர்டாமில் வடிவமைத்த எழுநூற்றுக்கும் மேற்பட்ட திடல்களில் பெரும்பாலும் இருந்தவை ஒரு மணல்குழி, தாண்டிக் குதிக்கச் சில கான்கிரீட் கட்டைகள், தொங்கித் தலைகீழாகப் புரள இரும்புக் கம்பிகள், சில மரங்கள் அவ்வளவே. விளையாட்டைக் குழந்தைகள் கண்டுபிடித்துக்கொண்டார்கள். வாங்குவதானால், ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கும் மேற்பட்டவர்களுக்கும் தனித்தனிப் பகுதிகள் இருக்கட்டும். ஊஞ்சல் சட்டத்தில் இரு தூண்களுக்கு இடையே இரண்டு இருக்கைகளுக்கு மேல் வேண்டாம், நடு இருக்கைக்கு ஓடும் குழந்தைதான் அடிபடுகிறது.

மைதானத்தின் தரை

மைதானம் முற்றிலும் சமமாக இருக்க வேண்டும் என்பது தவறான எண்ணம். நடுவிலிருந்து இரு பக்கமும் நூறு மீட்டருக்கு ஒன்று முதல் ஒன்றரை மீட்டர் என்ற விகிதத்தில் தாழ்ந்தால் ஆடுபவருக்குச் சரிவே தெரியாது, நீர் மட்டும் வழிந்துவிடும். நூல் கட்டி ரசமட்டம் வைத்துப் பார்த்து, பள்ளங்களில் ஒரே நாளில் மண்ணைக் குவிக்காமல், புல்லின் நுனி தெரியும் அளவுக்கு மெல்லிய படலங்களாகச் சில வாரங்களில் நிரப்பினால் புல் சாகாமல் மேலேறி வரும்.

புல் வெட்டும்போது ஒரு தடவையில் அதன் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. ஒட்ட வெட்டினால் வேலை மிச்சம் என்று நினைத்துச் செய்யப்படும் இந்தப் பிழையால் வேர் ஆழம் இழந்து, அடுத்த வெயிலில் மைதானம் வெளிறிவிடும். வெட்டிய துண்டுகள் சிறியவையாக இருந்தால் அங்கேயே கிடக்கட்டும், அவை உரம். மண் இறுகியிருக்கிறதா என்று அறிய, ஈரம் உள்ள நாளில் நீளமான திருப்புளியைக் கையால் அழுத்திப் பார்க்கலாம். பத்து சென்டிமீட்டர் இறங்க மறுத்தால், உள்ளீடற்ற முனை கொண்ட துளைக்கருவியால் மண்ணைக் குத்தியெடுத்துக் காற்றும் நீரும் இறங்க வழி செய்ய வேண்டும்.

மைதானத்தைக் கெடுப்பது ஆட்டமன்று, ஈரத்தில் ஆடும் ஆட்டம். நடந்து பார்க்கும்போது காலடித் தடத்தில் நீர் கசிந்தால் அன்று மைதானம் மூடப்பட வேண்டும். இதை யார் அறிவிப்பது, எங்கே எழுதிவைப்பது என்பதை முன்கூட்டியே எல்லா அணியினரோடும் பேசி முடிவுசெய்துவிட வேண்டும். மழை விட்ட ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்து பேர் காலணியோடு நிற்கும்போது தொடங்கும் பேச்சு சண்டையில்தான் முடியும். இடி கேட்டால் எல்லோரும் வெளியேறி, கடைசி இடியிலிருந்து முப்பது நிமிடம் கழித்தே திரும்ப வேண்டும் என்பதும் அதே அறிவிப்பில் இருக்கட்டும்.

கோல் வாயில்களிலும் பந்து வீசுபவர் காலூன்றும் இடத்திலும் புல் முதலில் வழுக்கையாகும். கோல் கம்பங்களை நகர்த்தக்கூடியவையாக வைத்துக்கொண்டு, சில வாரங்களுக்கு ஒருமுறை களத்தையே சில மீட்டர் தள்ளிக் குறித்தால் தேய்மானம் பரவிப்போகும். ஆனால் நகர்த்தக்கூடிய கம்பம் கவிழக்கூடிய கம்பமும்கூட. அதன் குறுக்குக் கம்பியில் தொங்கி, அது தலைமேல் சாய்ந்து குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறை நகர்த்திய பின்னும் பின்சட்டத்தைத் தரையில் முளையடித்தோ கனமான மூட்டைகளை ஏற்றியோ நிறுத்த வேண்டும். ஆட்டமில்லாத நாளில் கவிழ்த்துப் படுக்கவைத்துச் சங்கிலியிட்டுப் பூட்ட வேண்டும். இதில் விட்டுக்கொடுப்பதற்கு இடமில்லை.

கோடு குறிக்க, மூலையில் மூன்று மீட்டர், நான்கு மீட்டர், குறுக்கே ஐந்து மீட்டர் என்று நாடாவைப் பிடித்தால் செங்கோணம் கிடைத்துவிடும். நீற்றிய சுண்ணாம்பைத் தூவக் கூடாது, அது கண்ணையும் ஈரத்தோலையும் அரிக்கும். சுண்ணாம்புக்கல் பொடியோ நீரில் கலக்கும் வெள்ளைப் பெயின்டோ போதும்.

மரம், நீர், பார்வை

புதர்கள் ஒரு மீட்டருக்கு மேல் வளரவும், மரக்கிளைகள் இரண்டு மீட்டருக்குக் கீழே தொங்கவும் விடாமல் கவாத்து செய்தால், பூங்காவின் ஒரு முனையில் அமர்ந்திருப்பவருக்கு மறுமுனை தெரியும். மரத்தடியில் மூடாக்கு போடும்போது அது அடிமரத்தைத் தொடாமல் ஒரு சாண் விலகியிருக்க வேண்டும். அழகுக்காக அரளி வைப்பவர்கள் அதன் எல்லாப் பகுதிகளும் நஞ்சு என்பதை நினைவில் கொள்வது நல்லது. டயர், மூடியில்லாத தொட்டி, கருவிகளின் குழிவு ஆகியவற்றில் தேங்கும் நீரை வாரம் ஒருமுறை கொட்டிவிட்டால் கொசு முட்டை வளர்ந்து பறக்கும் வரை போகாது. தெளிப்பான் சீராக நீர் தெளிக்கிறதா என்பதை, ஒரே அளவுள்ள காலி டப்பாக்களை மைதானமெங்கும் வைத்துக் கால் மணி நேரம் ஓடவிட்டு அளந்தால் தெரிந்துவிடும்.

பதிவேடு

கட்டம் போட்ட ஒரு நோட்டுப் புத்தகத்தில், தேதி, பார்த்தவர், கண்ட குறை, செய்த வேலை, செய்த தேதி என்று ஐந்து பத்திகள் போதும். குறை இல்லாத நாளிலும் ‘பார்த்தோம்’ என்று எழுத வேண்டும். எழுதாத நாள் பார்க்காத நாள் என்றே கொள்ளப்படும். குறிப்பு தெளிவாக இருக்கட்டும்: ‘ஊஞ்சல் சரியில்லை’ என்பதைவிட ‘கிழக்கு ஊஞ்சல், இடது சங்கிலியின் மேற்கொக்கி பாதி தேய்ந்துள்ளது’ என்பது பழுது பார்ப்பவருக்கு ஒரு நடையை மிச்சப்படுத்தும்.

பழுது உடனே தீராது என்றால் கருவியை முடக்கிவைக்க வேண்டும். வண்ண நாடா சுற்றுவதும் ‘பயன்படுத்தாதீர்’ என்று அட்டை கட்டுவதும் படிக்கத் தெரியாத நான்கு வயதுக் குழந்தைக்குப் புதிய விளையாட்டுப் பொருள்களாகவே தோன்றும். ஊஞ்சலாக இருந்தால் இருக்கையைச் சங்கிலியோடு கழற்றி அறைக்குள் பூட்டிவிட வேண்டும். ஏணியாக இருந்தால் கீழ்ப்படிகளைப் பலகை அடித்து மூட வேண்டும். சறுக்குமரமாக இருந்தால் மேல்வாயையும் அடைக்க வேண்டும், கீழ்வாயையும் அடைக்க வேண்டும், ஏனெனில் குழந்தைகளில் பாதிப் பேர் கீழிருந்துதான் ஏறுகிறார்கள்.